அம்மா பேரில் வந்த கெட்ட வார்த்தை

அலுவலகத்தில் அவளுக்கு எக்ஸ்ரே என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஒரு முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிற இன்னொரு முகத்தைப் பிடித்துவிடுவாள் என்பதால் வந்த பட்டம். அதை அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள். நாற்பது வயதில் ஒருத்திக்கு வேறு யார் வந்து பட்டம் கொடுக்கப் போகிறார்கள்?

அவள் வேலை பார்த்த இடம் இணைய விளையாட்டு நடத்துகிற ஒரு கம்பெனி. துப்பாக்கி எடுத்து ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ளும் விளையாட்டு அது. சுடுவதைப் பற்றி யாரும் புகார் கொடுத்ததில்லை. சுட்டுக்கொண்டே மைக்கில் பேசுகிற பேச்சைப் பற்றித்தான் புகார் குவிந்தது. ஆளைச் சுட்டோம், வேலை முடிந்தது என்று போகிறவர்கள் குறைவு. செத்தவனைப் பெற்றவளையும் தெருவுக்கு இழுத்துவிட்டுத்தான் போவார்கள். பத்து வயதுப் பிள்ளைகளும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், பிறகு அதையே அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொன்னார்கள்.

கம்பெனி என்னென்னவோ செய்து பார்த்தது. கெட்ட வார்த்தைகளைத் தடுத்தது. ஜனங்கள் புதிய வார்த்தைகளைக் கண்டுபிடித்தார்கள். அதையும் தடுத்தபோது நல்ல வார்த்தைகளையே கெட்ட தொனியில் சொன்னார்கள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். விளையாட வருகிறவர் யாராக இருந்தாலும் முகத்தையும் அடையாள அட்டையையும் காட்ட வேண்டும். பதினெட்டு நிரம்பாதவர்களுக்குத் தனிக் களம். ஒரு முகத்துக்கு ஒரு கணக்குதான். புனைபெயர் கிடையாது, அட்டையில் உள்ள பெயர்தான் விளையாடும்போது தலைக்கு மேல் மிதக்கும். தடை வாங்கினால் ஆயுளுக்கும் தடை. முகத்தை வைத்துக்கொண்டு யாரும் வாய்க்கு வந்தபடி பேச மாட்டார்கள் என்று நம்பினார்கள்.

இதில் எக்ஸ்ரேயின் வேலை, வருகிற முகம் உண்மையில் அட்டையில் உள்ள முகம்தானா என்று பார்ப்பது. விளையாட விரும்புகிறவர் அட்டையைக் காதோரம் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் திரும்ப வேண்டும், வலப்பக்கம் திரும்ப வேண்டும், கண்ணை ஒருமுறை மூடித் திறந்து, திரையில் தெரிகிற எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த வீடியோவை முதலில் ஒரு இயந்திரம் பார்க்கும், அது சந்தேகப்பட்டால் இவளிடம் வரும். இவள் பச்சைப் பொத்தானையோ சிவப்புப் பொத்தானையோ அழுத்துவாள்.

அவள் கண்ணில் மண்ணைத் தூவப் பார்த்தவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு பொடியன் கண்மையால் மீசை வரைந்துகொண்டு வந்தான். புழுக்கத்தில் மீசை பாதி வழியில் உதட்டுக்கு இறங்கிவிட்டது. இன்னொருவன் தூங்குகிற தகப்பனைச் சுவரில் சாய்த்து வைத்து, கண் இமையைக் கட்டை விரலால் தூக்கிப் பிடித்திருந்தான். தகப்பன் எண்ணைச் சொல்லவில்லை, குறட்டைதான் விட்டார். துணிக்கடைப் பொம்மைக்குத் தலைமுடி ஒட்டி அனுப்பியவனும் உண்டு. எல்லாவற்றுக்கும் சிவப்பு. அவள் சிரித்ததில்லை. பக்கத்து இருக்கையில் தடிக் கண்ணாடி போட்ட சோடா என்பவன் சிரித்துச் சிரித்துப் புரையேறுவான், இவள் அடுத்த முகத்துக்குப் போய்விடுவாள்.

அறுபது வயதைத் தாண்டியவர்களை இயந்திரம் நம்பாது. அவர்கள் அத்தனை பேரும் மனிதர் பார்வைக்கு வந்தே ஆக வேண்டும். அந்த வயதில் துப்பாக்கி விளையாட்டுக்கு வருகிறவர் பெரும்பாலும் வேறு யாருக்காகவோ வருகிறார் என்பது அனுபவம். எனவே சிவப்புக்கான காரணங்களில் முதல் காரணம், 'பக்கத்திலிருந்து யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள்' என்பது. முகம் ஒருகணம் ஓரமாகத் திரும்பினாலே எக்ஸ்ரே சிவப்பை அழுத்திவிடுவாள். இன்னொரு விதியும் இருந்தது. வருகிறவர் தெரிந்தவராக இருந்தால் தானே பார்க்கக் கூடாது, பக்கத்து இருக்கைக்குத் தள்ளிவிட வேண்டும். மீறினால் வேலை போய்விடும். அவள் கணவன் லாரி ஓட்டப் போய் இடுப்பு ஒடிந்து வீட்டில் உட்கார்ந்துவிட்ட பிறகு, அந்த வேலையில்தான் வீடு நடந்துகொண்டிருந்தது.

இப்படியிருக்க, ஒருநாள் மத்தியானம் திரையில் அவள் அம்மா வந்தாள்.

அம்மா தலையை வழித்து வாரியிருந்தாள். முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தாள். அட்டையைக் காதோரம் தொலைபேசி மாதிரி பிடித்துக்கொண்டு இடப்பக்கம் திரும்பினாள், வலப்பக்கம் திரும்பினாள். எண்களை ஒவ்வொன்றாக, "ஏழுங்க, ரெண்டுங்க, ரெண்டுங்க, ஒன்பதுங்க" என்று மரியாதை கொடுத்துச் சொன்னாள். பிறகு ஓரமாகத் திரும்பி, "போதுமா?" என்று கேட்டாள்.

வேறு யாராவது அப்படித் திரும்பியிருந்தால் எக்ஸ்ரேயின் விரல் தானாகச் சிவப்புக்குப் போயிருக்கும். ஆனால் அம்மா 'போதுமா' என்று கேட்காத இடமே இல்லை. சோறு போடும்போது கேட்பாள், துணி மடிக்கும்போது கேட்பாள், ரயில்வே கவுண்டரில் பணத்தை நீட்டும்போதும் கேட்பாள். அது அவள் மூச்சு விடுகிற மாதிரி. தவிர, "சும்மா உக்காந்து செவுத்தையே பாத்துட்டு இருக்காதம்மா, ஃபோன்ல ஏதாவது விளையாடு, ஞாபகசக்திக்கு நல்லது" என்று போன வாரம் கூட மகள் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அம்மா ஒரு நாளும் எவர் பேச்சையும் கேட்டு எதையும் தனக்கென்று செய்துகொண்டவள் இல்லை. இப்போது செய்திருக்கிறாள். எக்ஸ்ரேக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. விதி, விசாரணை, பக்கத்து இருக்கை எதுவும் நினைவுக்கு வரவில்லை. பச்சையை அழுத்தினாள். அன்று முழுக்க அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்ததாகச் சோடா பிற்பாடு சொன்னான்.

விடுமுறை நாளில் அம்மாவைப் பார்க்கப் போனாள். அம்மா இவள் தம்பியோடு இருந்தாள். அடுக்குமாடியில் மூன்றாவது தளம், ஒரு கூடம், இரண்டு அறை, பாதி திறக்கிற ஒரு ஜன்னல்.

"எப்படிம்மா போகுது விளையாட்டு?" என்றாள் மகள்.

"எந்த விளையாட்டு?" என்றாள் அம்மா.

அந்த நேரம் பார்த்துத் தம்பியின் அறையிலிருந்து ஒரு குரல் கதவைத் தாண்டி வந்தது. யாரோ ஒருவனுடைய தாயாரைப் பற்றிய செய்தி அது. அம்மாவின் முகத்தை வாங்கியது யார் என்று எக்ஸ்ரேக்குப் புரிந்துவிட்டது.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியே அவனைப் போல ஒரு சாதுவைப் பார்க்க முடியாது. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கிற கம்பெனியில் புகார்ப் பிரிவில் இருந்தான். காலையிலிருந்து மாலை வரை, இயந்திரம் ஒழுகுகிறது என்று கத்துகிறவர்களிடம், "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்" என்று சொல்வதுதான் உத்தியோகம். எதிர்முனையில் இருப்பவர் அவனை எப்படித் திட்டினாலும் குரல் ஏறக் கூடாது. ஏறினால் மேலே ஒருவர் குறித்துக்கொள்வார். முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாதவன், எறும்பை மிதித்தாலும் குனிந்து பார்ப்பவன். அப்படிப்பட்டவன் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி மைக்கை மாட்டினால் அவன் வாயைக் கழுவ ஒரு ஆறு போதாது.

அவன் சொந்த முகத்துக்கு எப்போதோ ஆயுள் தடை விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு சிநேகிதன் முகத்தை வாங்கினான், அதற்கும் விழுந்தது. சிநேகிதமும் அத்தோடு முடிந்தது. மிச்சம் இருந்தது அம்மாதான். "ஒரு நிமிஷம் உன் முகம் வேணும்மா" என்று கேட்டான். பிள்ளை கேட்டால் கிட்னியையே கழற்றிக் கொடுக்கிறவள், முகத்துக்கா யோசிக்கப் போகிறாள்? தலை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

எக்ஸ்ரே தம்பியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். திரையில் ஒரு சிப்பாய் சுவரோரம் பதுங்கியிருந்தான். அவன் தலைக்கு மேல் அம்மாவின் பெயர் வெள்ளை எழுத்தில் மிதந்துகொண்டிருந்தது.

"அறிவிருக்காடா உனக்கு? அம்மா பேர வச்சுக்கிட்டு ஊரான் அம்மாவ எல்லாம் திட்டிட்டு இருக்க."

"சத்தம் போடாதக்கா. நான் வெளியே யாரையாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கேனா?"

"வெளியே சொல்லித் தொலையேன். ரெண்டு அடி வாங்குவ, சரியாப் போகும்."

"அது சரி, நீதானே அனுமதிச்ச? அனுமதின்னு வந்த செய்திக்குக் கீழ உன் ஊழியர் நம்பர்தான் இருந்துச்சு. நானே ஆச்சரியப்பட்டேன்."

எக்ஸ்ரேக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இப்போது போய் உண்மையைச் சொன்னால் தம்பியின் கணக்கு போகும், கூடவே தன் வேலையும் போகும். சொல்லாவிட்டால் அம்மா பேரில் ஊரெல்லாம் வசை பாயும். இனிமேல் வாயைத் திறக்காமல் விளையாடுவதாகத் தம்பி சத்தியம் செய்தான். அவன் சத்தியத்தின் எடை அவளுக்குத் தெரியும். இருந்தாலும் நம்பினாள், நம்புவது வசதியாக இருந்தது.

அடுத்த வாரமே புகார் விழுந்தது. எதிரணியில் ஆடிய ஒருவன் பதிவு செய்து அனுப்பியிருந்தான். கம்பெனி முறைப்படி கணக்குக்குரியவரை வீடியோவில் நேரில் கூப்பிட்டு விசாரிக்கும். அனுமதி வாங்கிய முகம்தான் வந்து உட்கார வேண்டும், வேறு முகம் பதில் சொன்னால் செல்லாது. அம்மாவுக்கு அழைப்பு வந்தது. எக்ஸ்ரே விடுப்புப் போட்டுவிட்டுப் போனாள். போகும் வழியில் பேருந்தில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தாள். 'விளையாடியது என் தம்பி, அனுமதி கொடுத்தது நான்.' சின்ன வாக்கியம்தான். வாய்க்குள் சொல்லும்போது நன்றாகவே வந்தது.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கணக்கு என்றால் என்ன, தம்பி என்ன பேசினான், தான் எந்தப் பொத்தானை அழுத்தினாள், உண்மை தெரிந்தால் யாருக்கு என்ன ஆகும், அத்தனையும். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்து, கையைக் கழுவி, தலையை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பவுடர் போடவில்லை.

தம்பி கேமராவுக்குத் தெரியாத இடத்தில், சமையலறை வாசலில் நின்றான். எக்ஸ்ரே அதற்கு எதிர்ப்பக்கம் சுவரோரம் நின்றாள். திரையில் விசாரணைக்காரர் வந்தார். மேல்தளத்தில் இருக்கிறவர், இளவயசு. எக்ஸ்ரேயை அவருக்குப் பழக்கமில்லை.

"அம்மா, ஒரு பதிவு போடறேன். கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றார்.

பதிவு ஓடியது. அந்த வார்த்தைகளை இங்கே எழுதுவதற்கில்லை. ஒருவனைப் பெற்றவள் எங்கே நிற்கிறாள், எதற்காக நிற்கிறாள், அவளுக்கு எத்தனை பேரோடு பழக்கம் என்பதைப் பற்றிய விவரங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பெற்ற பிள்ளையின் குரலை அம்மா கடைசி வரை கேட்டாள். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் கண்ணை மூடித் திறந்தாள், அனுமதி வீடியோவில் செய்த மாதிரியே.

"இது நீங்க பேசினதா?"

எக்ஸ்ரே வாயைத் திறந்தாள். ஒத்திகை பார்த்த வாக்கியம் வெளியே வரவில்லை.

"ஆமாங்க தம்பி, நான்தான்" என்றாள் அம்மா.

விசாரணைக்காரர் கொஞ்சம் முன்னால் வந்து உட்கார்ந்தார். "ஆம்பளக் குரல் மாதிரி இருக்கேம்மா."

"அன்னைக்கு எனக்குத் தொண்ட கட்டியிருந்துச்சு."

குரல் சாட்சிக்குச் செல்லாது என்பது கம்பெனி விதி. குரலை மாற்றிப் பேசுகிற கருவி கடையிலேயே விற்கிறது. முகம் ஒப்புக்கொண்டால் ஒப்புக்கொண்டதுதான். அவர் எழுதிக்கொண்டார்.

"எதனால இப்படியெல்லாம் பேசினீங்க?"

அம்மா யோசித்தாள். சமையலறை வாசல் பக்கம் அவள் திரும்பவே இல்லை. "பகல் முழுக்க மன்னிப்புக் கேட்டே பொழப்பு ஓடுதுங்க. நம்ம மேல தப்பு இருந்தாலும் கேக்கணும், இல்லாட்டியும் கேக்கணும். ஒருத்தன் கத்துவான், இன்னொருத்தன் கத்துவான், எல்லாத்தையும் முழுங்கிக்கணும். முழுங்கினது எங்கயாவது போய்க் கொட்டத்தானே செய்யும்?"

"வீட்லதான் இருக்கறதா பதிவுல இருக்கு. வீட்ல யார்கிட்டம்மா மன்னிப்பு?"

"எல்லார்கிட்டயும்தான்" என்றாள் அம்மா.

விசாரணைக்காரர் அதையும் எழுதிக்கொண்டார். புகார் கொடுத்தவருக்கு ஏதாவது சொல்ல விரும்பினால் சொல்லலாம், பதிவாகும் என்றார். அம்மா கேமராவுக்கு இன்னும் கிட்டத்தில் போனாள். "தம்பி, உங்கம்மாவப் பத்தி நான் சொன்னது அத்தனையும் பொய்யி. அவங்கள நான் பாத்தது கூட இல்ல. நீங்க இத அவங்ககிட்டச் சொல்லியிருக்க மாட்டீங்க. சொல்லவும் வேண்டாம்." பிறகு வழக்கம் போல, "போதுமாங்க?" என்றாள்.

போதும் என்றார் அவர். ஆயுள் தடை என்பதையும் சொன்னார்.

"சரிங்க, இனிமே விளையாடல" என்றாள் அம்மா.

திரை அணைந்தது. தம்பி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். தினமும் நூறு பேரிடம் மன்னிப்புக் கேட்கிறவனுக்கு இப்போது ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில், "நான்தான்னு சொல்லியிருக்கலாமேம்மா" என்றான்.

"சொன்னா உங்கக்கா வேல போயிடும். உன் ஆபீஸுக்குத் தெரிஞ்சா உன் வேலயும் போயிடும். எனக்குப் போறதுக்கு என்ன வேல இருக்கு?" அம்மா விட்ட வெங்காயத்தை மறுபடி எடுத்தாள். "அந்தப் பையனோட அம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும்" என்று மட்டும் பிறகு சொன்னாள், அதுவும் வெங்காயத்தைப் பார்த்து.

தப்பித்தோம் என்றுதான் எக்ஸ்ரே வீடு திரும்பினாள். அதை மறைப்பானேன். அவளுக்கு நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதியை நினைத்தால் அருவருப்பாகவும் இருந்தது.

விசாரணைப் பதிவுகள் வெளியே போகக் கூடாது. வெளியே போகவும் இல்லை, சாப்பாட்டு அறை வரைக்கும்தான் வந்தது. மறுநாள் சோடா தன் ஃபோனை மேசை நடுவில் வைத்து ஓடவிட்டான். "அன்னைக்கு எனக்குத் தொண்ட கட்டியிருந்துச்சு" என்ற இடத்தில் அறையே அதிர்ந்தது. நிறுத்தி மறுபடி போடச் சொன்னார்கள். ஒருவன் அம்மா மாதிரியே தலையைச் சாய்த்துப் பேசிக் காட்டினான். தொண்டைகட்டி என்று பட்டம் வைத்தார்கள். எல்லோரும் சிரிக்கும்போது ஒருத்தி மட்டும் சும்மா இருந்தால் சந்தேகம் வரும். எக்ஸ்ரேயும் சிரித்தாள். சிரிக்காதவள் சிரித்ததை இன்னும் பெரிய வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு ராத்திரி அவளால் சாப்பிட முடியவில்லை. கணவன் ஏன் என்று கேட்டான். பல் வலி என்றாள்.

அடுத்த நாள் சாப்பாட்டு அறையில் அது வழக்கமாகவே ஆகியிருந்தது. டீ ஆறிவிட்டது என்று ஒருத்தி சலித்துக்கொண்டால், "தொண்ட கட்டியிருக்கா?" என்றார்கள். சோடா தன் டப்பாவைத் திறந்துகொண்டே, "எத்தனையோ பேரப் பாத்தாச்சு, இந்தக் கெழவி மாதிரி ஒரு சாக்கட வாய நான் பாத்ததே இல்லப்பா. இவ பெத்த பிள்ளைங்க எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாரு" என்றான்.

"இப்படித்தான் இருக்கும்" என்றாள் எக்ஸ்ரே.

சோடா புரியாமல் பார்த்தான்.

"அது எங்கம்மா. பேசினது அவங்க இல்ல, என் தம்பி. அவங்கள அனுமதிச்சது நான். எங்கம்மா வாய்ல இருந்து 'சனியனே'ன்னு கூட ஒரு வார்த்த வந்து நான் கேட்டதில்ல."

குரல் ஏறவில்லை. சோடாவின் கையில் இருந்த கரண்டி டப்பாவுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. ஒருத்தி எழுந்து போய்க் குழாயைத் திறந்து, கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள்.

மேலாளர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். நல்ல மனிதர். "உங்க அம்மான்னு தெரிஞ்சிருந்தா யாரும் சிரிச்சிருக்க மாட்டோம்" என்றார்.

"அதனாலதான் சார் சொன்னேன்" என்றாள்.

விதி விதிதான். சாயந்தரத்துக்குள் அவள் மேசையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். தம்பியின் ஆயுள் தடைக்கு மேல் இன்னொரு ஆயுள் தடை போட்டார்கள். அம்மா பேரில் இருந்த குற்றத்தை நீக்கி, அவள் விரும்பினால் இனி விளையாடலாம் என்று மரியாதையாக ஒரு செய்தியும் அனுப்பினார்கள்.

எக்ஸ்ரே தன் வீட்டுக்குப் போகவில்லை, நேரே அம்மா வீட்டுக்குப் போனாள். தம்பி அதற்குள் வந்திருந்தான். அவன் மைக்கும் ஹெட்ஃபோனும் கூடத்தில் ஒரு பையில் கிடந்தன. அவள் விஷயத்தைச் சொன்னதும், "நான் உங்க ஆபீஸுக்கு வந்து சொல்றேன்க்கா, எல்லாம் என் தப்புதான்னு சொல்றேன்" என்று எழுந்தான்.

"சொல்லியாச்சு. உக்காரு."

அம்மாவுக்குத்தான் கோபம் வந்தது. மகள் இதுவரை பார்க்காத கோபம்.

"ஏண்டி, பொய் சொல்லத் தெரியாத நானு, அம்மாம் பெரிய ஆபீசர் முன்னாடி உக்காந்து, கை நடுங்காம ஒரு பொய் சொன்னேன். ஆயுசுல நான் உருப்படியாச் சொன்ன ஒரே பொய்யி. அத ரெண்டு நாளு வச்சுக் காப்பாத்த முடியல உனக்கு?"

"அவங்க உன்னப் பாத்துச் சிரிச்சாங்கம்மா."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. என்னத் தெரியுமா அவங்களுக்கு?"

"எனக்குத் தெரியுமில்ல" என்றாள் மகள். அதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நாலு வருஷம் ஊரார் முகத்தையெல்லாம் துருவிப் பார்த்தவள் இப்போது தன் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அம்மா எழுந்து உள்ளே போனாள். மூன்று தட்டு எடுத்து வைத்தாள். தம்பி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அக்கா பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான். அம்மா மகளுக்கு முதலில் போட்டாள், இன்னொரு கரண்டியும் போட்டாள்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம் வை" என்றாள் மகள்.